கொடூர வில்லனுக்கும் திங்கக்கிழமை மீட்டிங் உண்டு

ஒரு கப்பல் ஹால் நிறைய கடன்ல மூழ்கினவங்க நிக்கிறாங்க. தோத்தா என்ன ஆகும், எங்களை எங்க கொண்டு போவீங்க, இதெல்லாம் சொல்லாம எப்படி ஆடுறதுன்னு ஆளாளுக்குக் கத்துறாங்க. அப்போ மைக் பிடிக்கிற நரைச்ச தலை ஆளு ஒருத்தர், கேட்டதுக்கெல்லாம் பதில் வரும்னு காத்திருக்க நீங்க என்ன சின்னப் புள்ளைங்களான்னு ஒரு அதட்டு போடுவார் பாருங்க, மொத்தக் கூட்டமும் கப்சிப். அவர்தான் டோனேகாவா யுகியோ. 'கைஜி'ங்கிற ஜப்பான் அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர், பாத்தவங்க யாரும் அந்த சீனை மறந்திருக்க மாட்டாங்க.

அதே ஆளு, அதே கோட்டு சூட்டு, அதே முறைப்பு. ஆனா இந்தத் தடவை, அந்தக் கதையிலருந்து கிளைவிட்ட ஒரு காமெடியில, அவர் நிக்கிறது ஒரு மீட்டிங் ரூம்ல, ஒயிட்போர்டு முன்னாடி. எதிர்ல அவரோட டீம், 11 பேர், எல்லாரும் கறுப்பு சூட்டு கறுப்புக் கண்ணாடி. யார் யாருன்னு அவருக்கு சத்தியமா அடையாளம் தெரியல. பேரு சொல்லுங்க, ஹாபி சொல்லுங்கன்னு ஒவ்வொருத்தரா எழுப்பி விடுறார், அதை வெச்சாவது ஞாபகம் வெச்சுக்கலாம்னு பாத்தா ஒருத்தன் பவுலிங்னு சொல்றான், இன்னொருத்தனும் பவுலிங்கிறான். அந்த நேரத்துல டோனேகாவா நெத்தியில வடியிற வேர்வை இருக்கே, அது மூலக்கதையில உயிருக்குப் போராடுறவன் நெத்தியில வடிஞ்ச அதே வேர்வை. கோடு கோடா, அதே நிழலோட, பதட்டம் ஏறுறப்போ கேக்குற அதே "ஸவா… ஸவா…" சத்தத்தோட.

நான் சிரிச்ச சிரிப்புக்கு வீட்டுல இருந்தவங்க வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாங்க.

இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. ஏன்னா சீரியஸ் அனிமேக்கு காமெடி ஸ்பின்-ஆஃப், அதாவது கிளைக்கதைன்னு சொன்னாலே நம்ம ஆளுங்க பாதிப்பேர் "அய்யே, காசு பண்ண எடுத்ததுப்பா"ன்னு தள்ளி வெச்சிடுறாங்க. அது பல சமயம் உண்மையும் கூட. ஆனா 'சூகான் கன்ரிரோகு டோனேகாவா'ன்னு ஒண்ணு வந்துச்சு, அதாவது டோனேகாவாவோட நடுமட்ட மேனேஜர் வாழ்க்கைக் குறிப்பு. அது வேற ஜாதி. அது மூலக்கதையை கிண்டல் பண்ணல, மூலக்கதை சொல்லாம விட்டதை சொல்லுது. என் கட்சி இதுதான், ஒத்துக்கிறதும் ஒத்துக்காததும் உங்க இஷ்டம்.

கைஜி பாக்காதவங்களுக்கு சுருக்கமா. ஃபுகுமோட்டோ நொபுயுகி 1996ல 'யங் மேகஸின்' வாரப் பத்திரிகையில எழுத ஆரம்பிச்ச மங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ். மேட்ஹவுஸ் ஸ்டூடியோ 2007ல 26 எபிசோடா அனிமே எடுத்தாங்க, 2011ல இன்னொரு 26. கைஜி ஒரு வேலைவெட்டி இல்லாத பையன், டோக்கியோவுல ஒரு ரூம்ல கிடந்துக்கிட்டு சில்லறை சூதாட்டம் ஆடுறது, வயித்தெரிச்சல்ல காஸ்ட்லி கார்களை நாசம் பண்றதுன்னு திரியிறவன். ஒருநாள் எண்டோன்னு ஒருத்தர் கதவைத் தட்டுறார். கூட வேலை பாத்த ஒருத்தனுக்கு நீ ஜாமீன் கையெழுத்து போட்டியே ஞாபகம் இருக்கா, அவன் ஓடிப்போயிட்டான், கடனை நீதான் கட்டணும்ங்கிறார். வாங்கினது 3 லட்சம் யென், இப்போ 38 லட்சத்து 50 ஆயிரம். மாசம் 20 சதவீதம் வட்டி, வட்டிக்கு வட்டி, 14 மாசம். நான் சும்மா ஒரு தடவை கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன், கிட்டத்தட்ட அந்தத் தொகைதான் வருது. நம்மூரு மீட்டர் வட்டி பத்திக் கேள்விப்பட்டவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

அங்கிருந்து கப்பல், கப்பல்ல கல்-கத்தரி-காகிதம் சூதாட்டம், அப்புறம் ஹோட்டல்ல உயரத்துல இரும்பு உத்தரத்து மேல நடக்கிற பந்தயம், கீழ நின்னு பணக்காரங்க வேடிக்கை பாப்பாங்க, விழுறவனைப் பாத்து சிரிப்பாங்க. 'ஸ்க்விட் கேம்' எடுத்த ஹ்வாங் டோங்-ஹ்யூக்கே தனக்கு உந்துதல் கொடுத்த மங்காக்கள்ல கைஜியும் ஒண்ணுன்னு சொல்லியிருக்கார், அந்த மாதிரி கதைகளுக்கெல்லாம் இது ஒரு பாட்டன்னு வெச்சுக்கோங்க. இது அத்தனையும் நடத்துறது டெய்ஐ குழுமம்னு ஒரு கம்பெனி. தலைவர் ஹ்யோடோ கசுடாகா, அடுத்தவன் வலியைப் பாத்தாதான் சாப்பாடு செரிக்கும்ங்கிற டைப் கிழவர். அவருக்குக் கீழ டோனேகாவா.

ஜப்பான்ல அந்த 1996ங்கிறது சும்மா ஒரு வருஷம் இல்ல. 80கள்ல ஊதிக்கிட்டே போன நிலவிலையும் பங்குச்சந்தையும் 90களோட ஆரம்பத்துல வெடிச்சு, கம்பெனிங்க புது ஆள் எடுக்கிறதையே குறைச்சுக்கிட்ட காலம், படிச்சிட்டு வந்த ஒரு தலைமுறையே பார்ட்-டைம் வேலையில மாட்டிக்கிச்சு. தெருவுக்குத் தெரு நுகர்வோர் கடன் கம்பெனிங்க. அந்தக் கடன் சட்டத்தை 2006ல திருத்தி, 2010ல முழுசா அமலுக்குக் கொண்டு வந்த பிறகுதான் உச்சவட்டி வருஷத்துக்கு 15லருந்து 20 சதவீதத்துக்குள்ள வந்துச்சு. அதனால கைஜியோட பயம் ஜப்பான்காரங்களுக்குக் கற்பனை பயம் இல்ல, பக்கத்து வீட்டு பயம்.

இப்போ ஸ்பின்-ஆஃபுக்கு வருவோம். 2015ல மாசப் பத்திரிகை 'யங் மேகஸின்'ல ஆரம்பிச்சுது. கதை ஹகிவரா டென்செய், படம் ஹஷிமோட்டோ டோமோஹிரோவும் மியோஷி டோமோகியும். ஃபுகுமோட்டோ ஒத்துழைப்புன்னு பேர் போட்டு அனுமதி கொடுத்திருக்கார். 'கோனோ மங்கா கா சுகோய்'ன்னு வருஷா வருஷம் அங்க ஒரு பட்டியல் போடுவாங்க, இந்த மங்கா ரொம்ப நல்லாருக்குங்கிற மாதிரி, அதுல 2017 பதிப்புல ஆண் வாசகர் பிரிவுல இதுதான் முதலிடம். ஸ்பின்-ஆஃப், அதுவும் வில்லனை வெச்சு, அதுவும் காமெடி, முதலிடம்! 2018 ஜூலையில அதே மேட்ஹவுஸ் அனிமேவா எடுத்தாங்க, கவகுச்சி கெய்இச்சிரோ டைரக்‌ஷன், 24 எபிசோட்.

கதை என்னன்னா, ஹ்யோடோவுக்கு போர் அடிக்குது. அவ்ளோதான் கதை. கிழவருக்கு போர் அடிக்குது, கடன்காரனுங்களை வெச்சு ஏதாவது புதுசா ஒரு கொலைகார ஆட்டம் யோசிச்சுக் கொண்டுவான்னு டோனேகாவாகிட்ட சொல்றார். டோனேகாவா ஒரு டீம் போடுறார். மீட்டிங் வைக்கிறார். ஐடியா கேக்குறார். ஒயிட்போர்டுல எழுதுறாங்க, அழிக்கிறாங்க, மறுபடி எழுதுறாங்க. மூலக்கதையில வர்ற அந்த பயங்கர ஆட்டமெல்லாம் எப்படிப் பொறந்துச்சுன்னு நாம என்னவோ இருட்டு ரூம்ல சாத்தான் பூஜை போட்டு யோசிச்சிருப்பாங்கன்னு நெனைச்சிருப்போம், பாத்தா பிஸ்கட் தட்டு வெச்ச மீட்டிங்ல வேலைக்குப் புதுசா சேந்த ஒருத்தன் தயங்கித் தயங்கி கை தூக்குற மாதிரியான இடத்துலதான் அது பொறந்திருக்கு.

இதுல நான் ரொம்ப ரசிக்கிறது ஒண்ணு. சிரிக்க வைக்கணும்னு முகத்தை மாத்தவே இல்ல. குட்டையா குண்டா தலை பெருசா வரையிற வழக்கம் இருக்குல்ல, அந்த வேலையே கிடையாது. ஃபுகுமோட்டோவோட அந்தக் கூர் மூக்கு, கத்தி வெச்சு சீவின மாதிரி தாடை, கண்ணுலருந்து ஆறா ஓடுற கண்ணீர், எல்லாம் அச்சு அசலா அப்படியே. படம் வரைஞ்ச ரெண்டு பேரும் ஒரிஜினல்காரர் கையையே வாங்கிட்டு வந்து வரைஞ்ச மாதிரி வரைஞ்சிருக்காங்க. பேச்சும் அதே. ஒரு மனுஷன் தன் டீம்காரன் பேரை மறந்துட்டார், அதுக்கு நரகத்துல விழுற ரேஞ்சுக்கு மனசுக்குள்ள ஒரு பிரசங்கம் ஓடுது, படுகுழி, திரும்ப முடியாத பாதை, சேறுன்னு. அந்த பாஷையை ஒரிஜினல்ல கேட்டப்போ நமக்கு அடிவயித்துல புளியைக் கரைச்சுது. இங்க அதே பாஷை, பந்தயம் மட்டும் உயிர்லருந்து மானத்துக்கு இறங்கியிருக்கு. சிரிப்பு அந்த இறக்கத்துல இருக்கு.

ஆனா உண்மையிலயே அது இறக்கமா? ஆபீஸ்ல வேலை பாத்தவங்க சொல்லுங்க. பெரியவர் கூப்பிடுறார்னு போன் வந்ததும் அந்த லிஃப்ட்ல போற நேரம் இருக்கே, அப்போ மூளை ஓடுற வேகம் கைஜி சீட்டாட்டத்துல யோசிக்கிற வேகத்துக்குக் கொஞ்சமும் குறைஞ்சதில்ல. என்ன மூட்ல இருக்கார், நேத்து அனுப்பின மெயில்ல ஏதாவது தப்பா, நான் முதல்ல பேசணுமா அவர் பேசட்டுமா. டோனேகாவா செய்யிறது முழுக்க முழுக்க இதுதான், கிழவரோட மூட் படிக்கிறது. அவர் புருவம் எவ்ளோ தூக்கியிருக்கு, கைத்தடியை எந்தப் பக்கம் வெச்சிருக்கார்னு ஒரு விஞ்ஞானி மாதிரி ஆராய்ச்சி. மேல பாத்தா கூழைக் கும்பிடு, கீழ திரும்பினா டீம்காரனுங்க இவரைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு கவலை. ஒரு தடவை டீமை ஓவரா விரட்டிட்டு, ஐயையோ பசங்க மனசு விட்டுப்போச்சேன்னு மலைப்பக்கம் கூட்டிட்டுப் போய் இறைச்சி சுட்டுப் போடுற அளவுக்குப் போறார். கொலைகார கம்பெனியோட பெரிய புள்ளி, பசங்க என்னைப் பிடிக்கலைன்னு சொல்லிடுவாங்களோன்னு தூக்கம் கெட்டு நிக்கிறார்.

ஒரு விஷயம் தற்செயலா இருந்தாலும் எனக்கு இனிச்சுது. அனிமே ஆரம்பிக்க சில நாள் முன்னாடிதான், 2018 ஜூன் கடைசியில, ஜப்பான் பார்லிமென்ட்ல வேலைமுறை சீர்திருத்தச் சட்டம் நிறைவேறுச்சு. ஓவர்டைமுக்கு பொதுவா மாசம் 45 மணி நேரம், வருஷம் 360 மணி நேரம்னு சட்டப்படி கூரை போட்டாங்க, தவிர்க்க முடியாத காலத்துக்கு மட்டும் தனி தளர்வு வெச்சு. பெரிய கம்பெனிங்களுக்கு 2019 ஏப்ரல்லருந்து அமல். ஆனா நிர்வாகப் பொறுப்புல உள்ள மேனேஜர்ங்கிற வகையில வர்றவங்களுக்கு அந்தக் கூரை பொருந்தாது, பழைய தொழிலாளர் சட்டத்துலயே அவங்க வேலைநேர விதிக்கு வெளியதான் இருக்காங்க. கீழ இருக்கிறவனை சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பணும், மேல இருக்கிறவர் கேட்ட வேலையையும் முடிக்கணும், அப்போ அந்த மிச்ச வேலை யார் மேசையில வந்து விழும்? அந்த சமயத்துல டிவி போட்டா டோனேகாவா. டெய்ஐ குழுமத்துல தொழிலாளர் சட்டம் செல்லுபடியாகுமாங்கிறது வேற கேள்வி.

சரி, இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான இடம். கைஜி முதல் சீசன் பாத்தவங்களுக்கு டோனேகாவா முடிவு தெரியும். பாக்காதவங்க இந்த ஒரு பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஈ-கார்டுன்னு ஒரு சீட்டாட்டம், சக்கரவர்த்தி, குடிமகன், அடிமைன்னு மூணே வகை சீட்டு. சக்கரவர்த்தி குடிமகனை ஜெயிப்பான், குடிமகன் அடிமையை ஜெயிப்பான், இழக்க ஒண்ணுமே இல்லாத அடிமை சக்கரவர்த்தியை ஜெயிப்பான். கைஜி காதுல ஒரு கருவியை மாட்டி, அதைப் பணயமா வெச்சு ஆட வைக்கிறாங்க. டோனேகாவா அந்தக் கருவி வழியா அவன் உடம்பு காட்டுற குறிகளைத் திருட்டுத்தனமா படிச்சு ஜெயிச்சுக்கிட்டே போறார், கைஜி அதைக் கண்டுபிடிச்சு, காதையே அறுத்து ஆட்டத்தைத் திருப்புறான். டோனேகாவா தோத்துடுறார். தோத்ததும் ஹ்யோடோ என்ன செய்யிறார் தெரியுமா, பழுக்கக் காய்ச்சின இரும்புத் தகடு கொண்டு வரச்சொல்லி, அது மேல மண்டியிட்டு தலையைத் தகட்டுல வெச்சு மன்னிப்புக் கேளுங்கிறார். 10 செகண்ட். இத்தனை வருஷம் கால்ல விழுந்து கிடந்த மனுஷன். யாரும் பிடிச்சு அழுத்தத் தேவையில்லைன்னு தானே நடந்து போய் அதைச் செய்யிறார் டோனேகாவா.

முதல் தடவை அதைப் பாத்தப்போ எனக்கு அவர் மேல ஒரு மரியாதை வந்துச்சு, ஆனா ஏன்னு விளங்கல. அவர் கெட்டவன், அவருக்கு இது வேணும்னுதான் நியாயமா தோணணும். ஸ்பின்-ஆஃப் முடிச்சிட்டு மறுபடி போய் அந்த சீனைப் பாத்தேன். இப்போ விளங்குச்சு. சக்கரவர்த்தி சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரே ஒழிய, அவர் என்னிக்குமே அடிமைப் பக்கம்தான். கப்பல்ல அத்தனை பேரை அதட்டினாரே, உலகம் உங்க அம்மா இல்ல, யாரும் உங்களுக்கு பதில் சொல்லக் கடமைப்பட்டவங்க இல்லைங்கிற தொனியில, அது அவர் கிழவர்கிட்ட வருஷக்கணக்கா வாங்கிக் கட்டிக்கிட்ட பாடம். மேல வாங்கினதைக் கீழ கொடுத்திருக்கார். ஒரிஜினல்லயே இது இருக்கு, ஆனா அங்க நாம கைஜி பக்கத்துல நின்னு பாக்குறோம், வேர்வை வழியிற அவசரத்துல இதெல்லாம் கண்ணுல படாது. ஸ்பின்-ஆஃப் நம்மளைத் தூக்கி மேசைக்கு அந்தப் பக்கம் உக்கார வைக்குது, டீ கொடுத்து. அங்கிருந்து பாத்தா ஒவ்வொரு ஜோக்கும் அந்தத் தகட்டை நோக்கி நடக்கிற ஒரு அடி.

சிரிப்புக் கதைக்குள்ள இப்படி ஒரு முடிவு காத்துக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சே சிரிக்கிறதுக்கு ஒரு தனி ருசி. கொஞ்சம் கொடூரமான ருசிதான்.

இதுல நியாயமா ஒரு ஆட்சேபம் வரும், என் ஃப்ரெண்ட் ஒருத்தன் முகத்துக்கு நேரா கேட்டான். டேய், இவனுங்க யோசிக்கிற ஆட்டத்துல மனுஷங்க செத்துப்போறாங்க, அந்த மீட்டிங்ல நீ என்ன சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே, இது வெள்ளையடிக்கிற வேலை இல்லையான்னான். நல்ல கேள்வி. எனக்கு முழு பதில் இல்ல. ஆனா யோசிச்சுப் பாத்தா அந்த மீட்டிங்ல யாருமே கொலையைப் பத்திப் பேசுறதில்ல, அதுதான் அதுல உள்ள விஷம். ஐடியா நல்லாருக்கா, தலைவருக்குப் பிடிக்குமா, யார் பேர்ல போகும், டெட்லைன் எப்போ. உத்தரத்துலருந்து விழப்போறவன் அந்த ரூம்ல ஒரு வார்த்தையாகூட இல்ல. உலகத்துல நெறைய கெட்டது இப்படித்தான நடக்குது, யாரும் பல்லை நெறிச்சுக்கிட்டு சதி பண்றதில்ல, ஸ்லைடு போட்டு அப்ரூவல் வாங்குறாங்க. டோனேகாவாவும் அந்த கறுப்பு சூட்டு பசங்களும் நல்லவங்களா நமக்குத் தெரிய ஆரம்பிக்கிறாங்க பாருங்க, அந்த இடத்துல கொஞ்சம் பயந்துக்கணும். கதை அதை எழுதி வெச்சு பாடம் நடத்தல, நம்மளை சிரிக்க விட்டுடுது, உறுத்துறது நம்ம பாடு.

இதுலருந்து இன்னொண்ணு கிளம்புச்சு, எனக்கு அது இன்னும் பிடிக்கும். 'இச்சினிச்சி காய்ஷுட்சுரோகு ஹன்சோ'. அதே ஹகிவரா டென்செய் கதை, படம் உஎஹரா மோட்டோமுவும் அராய் கசுயாவும். கைஜி ரெண்டாவது சீசன்ல பூமிக்கு அடியில கடன்காரனுங்களை வெச்சு சுரங்கம் தோண்டுவாங்க, அங்க ஒரு மேஸ்திரி வருவார், ஓட்சுகின்னு பேரு, குண்டா சிரிச்ச முகமா, தேன் ஒழுகப் பேசுவார். அங்க செல்லுபடியாகிற காசு பெரிகா, 10 பெரிகாதான் ஒரு யென். மாசம் முழுக்க மண்ணு சுமந்தா கூலி 91,000 பெரிகா. சம்பள நாள்ல ஓட்சுகி பீர், சிப்ஸ், சுட்ட கோழின்னு கடை போட்டு அதை அப்படியே கறந்துடுவார். மிச்சத்தை பகடை ஆட்டத்துல, அதுவும் 4, 5, 6 மட்டும் இருக்கிற திருட்டுப் பகடையை வெச்சு. கைஜி சிக்கனமா கொஞ்சமா வாங்கலாம்னு வந்து நிப்பான், அதுக்கு ஓட்சுகி சொல்ற பேச்சு இருக்கே, ஆசையை அரைகுறையா தீத்துக்கக்கூடாது, தீத்தா ஒழுங்கா தீத்துக்கணும்ங்கிற மாதிரி, அதைக் கேட்டு கைஜி விழுந்த குழி சாதாரணமானது இல்ல. அந்த பீரை அவன் குடிக்கிற சீன் பாத்தா நமக்கே தொண்டை வறண்டு போகும்.

ஹன்சோல என்ன பண்ணியிருக்காங்கன்னா, அந்த ஏமாத்துக்காரன் பேச்சை நிஜமாவே ஒரு வாழ்க்கை முறையா எடுத்துக்கிட்டாங்க. 5 லட்சம் பெரிகா கட்டினா ஒருநாள் வெளிய போக அனுமதி உண்டு. கணக்குப் போடுங்க, சாதாரண தொழிலாளிக்கு அஞ்சரை மாசக் கூலி, ஒரு செலவும் பண்ணாம இருந்தா. ஓட்சுகி மட்டும் அடிக்கடி போறார், அந்த ஒருநாளை எப்படி செலவழிக்கிறார்ங்கிறதுதான் ஒவ்வொரு அத்தியாயமும். முதல் அத்தியாயத்துல வெளிய வந்ததும் ஒரு சூட்டு வாங்கி மாட்டிக்கிறார். ஏன்? மத்தியானம் ஆபீஸ் ஏரியாவுல நின்னுக்கிட்டே சோபா நூடுல்ஸ் சாப்பிடுற கடைக்குப் போறார். சுத்தி எல்லாம் ஆபீஸ்காரங்க, அரை மணி நேர லஞ்ச் பிரேக், அவசர அவசரமா உறிஞ்சுறாங்க. நடுவுல இவரும் அதே மாதிரி சூட்டு. ஆனா இவர் பீர் சொல்றார். தொட்டுக்க ஒண்ணு சொல்றார். மெதுவா, ரசிச்சு ரசிச்சு. பக்கத்துல உள்ளவங்க ஓரக்கண்ணால பாக்குறாங்க, இந்த ஆளு வேலை நேரத்துல குடிக்கிறானேன்னு வயிறு எரியுது. அந்த வயித்தெரிச்சல்தான் இவருக்கு ஊறுகாய்.

நான் அதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்பவே இல்ல. இங்க யாரு கைதி? 24 மணி நேரத்துல பூமிக்கு அடியில திரும்பப் போகவேண்டியவர் நிதானமா குடிக்கிறார், சுதந்திர மனுஷங்க எல்லாம் வாட்சைப் பாத்துக்கிட்டு விழுங்கிட்டு ஓடுறாங்க. இதை ஒரு சீரியஸ் நாவல்ல எழுதினா நமக்குக் கொட்டாவி வரும். குண்டு மேஸ்திரி நூடுல்ஸ் உறிஞ்சுற ஜோக்கா சொன்னதால உள்ள இறங்குது.

இவரைக் கண்காணிக்க கூடவே வர்ற கறுப்பு சூட்டு ஆளு மியாமோட்டோ. முதல்ல முறைச்சுக்கிட்டே பின்னாடி வருவார், போகப் போக, இன்னிக்கு எங்க சாப்பிடப்போறோம்னு அவரே ஆர்வமாயிடுறார். காவல்காரனும் கைதியும் சாப்பாட்டுத் தட்டுல ஒண்ணு சேர்ற அந்த நட்பு ரொம்ப அழகு. ஆனா இங்கயும் அந்த உறுத்தல் போகாது, போகவும் கூடாது. அந்த பீர் கிளாஸுக்குள்ள இருக்கிறது கீழ மண்ணு சுமக்கிறவன் கூலி, திருட்டுப் பகடை உருட்டி அடிச்சது. கதை அதை ஒரு இடத்துலயும் நமக்கு ஞாபகப்படுத்தாது. ஒரிஜினல் பாத்தவனுக்கு ஞாபகப்படுத்தத் தேவையும் இல்ல.

மத்த ஸ்பின்-ஆஃப் எல்லாம் ஏன் இந்த அளவுக்கு வர்றதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுறேன். 'அட்டாக் ஆன் டைட்டன்'க்கு 2015ல 'ஜூனியர் ஹை'ன்னு ஒண்ணு வந்துச்சு, ப்ரொடக்‌ஷன் ஐ.ஜி எடுத்தது. எல்லாரும் குட்டிக் குட்டியா ஸ்கூலுக்குப் போறாங்க, ஹீரோ எரனுக்கு, ஒரிஜினல்ல மனுஷங்களைத் தின்னுற ராட்சசங்களான டைட்டன் மேல ஏன் கோபம்னா சின்ன வயசுல அவன் லஞ்சைப் பிடுங்கித் தின்னுடுச்சாம். முதல் ரெண்டு மூணு எபிசோட் கலகலன்னு இருக்கும், அப்புறம் அதே ஜோக்கைத் துவைச்சுத் துவைச்சு சாயம் போயிடுது. காரணம் ஒண்ணுதான்னு நெனைக்கிறேன், அங்க ஒரிஜினலோட கனத்தை வாசல்லயே செருப்போட சேத்து விட்டுட்டு உள்ள வந்துட்டாங்க. ஆனா 2003ல கியோட்டோ அனிமேஷன் எடுத்த 'ஃபுல் மெட்டல் பேனிக்? ஃபுமோஃபு' பாருங்க, டகெமோட்டோ யசுஹிரோ டைரக்‌ஷன். அதுல சொசுகே யுத்தகளத்துலயே வளந்த பையன், ஸ்கூல்ல தன் ஷூ லாக்கரை யாரோ திறந்திருக்காங்கன்னு தெரிஞ்சதும் பாம்னு முடிவு பண்ணி லாக்கரையே வெடிவெச்சுத் தகர்த்துடுவான், உள்ள இருந்தது லவ் லெட்டர். அவன் கொஞ்சமும் சிரிக்கல, அவன் இன்னும் போர்லதான் இருக்கான். அதனாலதான் அது நிக்குது. சிரிப்பு அடங்கினதும், இந்தப் புள்ளைக்கு நிஜமா என்ன ஆச்சுன்னு ஒரு நொடி தோணும் பாருங்க.

குறை சொல்லணும்னா டோனேகாவா அனிமேல நிறைய சொல்லலாம். முக்கியமா அந்த நரேஷன். கைஜியில தச்சிகி ஃபுமிஹிகோவோட குரல் கிணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி அடித்தொண்டையில ஒலிக்கும், அதே பாணியை இங்கயும் வெச்சிருந்தா பேர் மறந்துபோன காமெடிக்கு இன்னும் பத்து மடங்கு தூக்கியிருக்கும். அதை விட்டுட்டு ஃபுட்பால் கமென்ட்ரி மாதிரி உற்சாகமா கத்துற ஒரு குரலைப் போட்டு, இது காமெடி, சிரிங்கன்னு ஒவ்வொரு ஜோக்குக்கும் முதுகுல தட்டுறாங்க. டோனேகாவாவுக்கும் குரல் மாத்திட்டாங்க, கைஜியில ஹகுர்யூ, இதுல மொரிகாவா தோஷியுகி. மொரிகாவா பெரிய ஆளு, நல்லாவே பண்ணியிருக்கார், ஆனா பழைய குரலே மீட்டிங்ல ஹாபி கேட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சா மனசு ஆறல. பின்பாதியில ஹன்சோ கதைகளை நடுவுல சேத்தது நல்ல யோசனை. முடியும்னா ரெண்டையும் மங்காவா படிங்க, அந்தக் கறுப்பு மையோட கனத்துலதான் பாதி ஜோக்.

இந்த வரிசையில 'இச்சிஜோ'ன்னும் ஒண்ணு 2021ல வந்துச்சு, ரெண்டாவது சீசன்ல 4000 யென்னுக்கு ஒரு குண்டுன்னு பச்சிங்கோ மெஷின், அதாவது இரும்புக் குண்டு விட்டு ஆடுற சூதாட்ட மெஷின் வெச்சு ஊரை உறிஞ்சுற கேசினோ மேனேஜர் இருப்பாரே, அவரோட இளமைக்காலம். ஊர்லருந்து பெரிய கனவோட டோக்கியோ வந்து ரூம்மேட்டோட சண்டை போட்டுக்கிட்டு காசில்லாம கிடக்கிறது. அது சிரிப்பை விட சோகம்தான் ஜாஸ்தி, அதுக்குத் தனியா எழுதணும்.

யாராவது பாக்கப்போறீங்கன்னா வரிசை இதுதான். கைஜி முதல் சீசன் முழுசா, ஈ-கார்டு முடியிற வரைக்கும் எந்திரிக்காம. அப்புறம் டோனேகாவா. அப்புறம் கைஜி ரெண்டாவது சீசன், அதுக்கப்புறம்தான் ஹன்சோ. தலைகீழா பாத்தீங்கன்னா நல்ல ஆபீஸ் காமெடி ஒண்ணு பாத்த மாதிரி இருக்கும், அவ்ளோதான். டோனேகாவா முடிச்ச கையோட முதல் சீசனை ஒருவாட்டி ஓட்டிப் பாருங்க. எனக்கு இப்போ அதுல கைஜியைப் பாக்கவே முடியல. பின்னாடி வரிசையா நிக்கிற கறுப்பு சூட்டு ஆளுங்களையே பாத்துக்கிட்டு இருக்கேன், இதுல யாருப்பா பவுலிங்னு சொன்னவன், அன்னிக்கு மலையில இறைச்சி சாப்பிட்டுட்டு கண் கலங்கினவன் இவனான்னு தேடிக்கிட்டு. எல்லாரும் ஒரே மாதிரி இருக்கானுங்க, கண்டுபிடிக்கவே முடியல.